மூட்டை ஏற்றினால் குறையாத தண்ணீர்

போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவேன். போடிமெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கும் ஓர் ஏலத் தோட்டத்தில் காலையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். அதுதான் என் பிழைப்பு. ஜீப் பழையது. கண் மங்கிப்போய் ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒரு டிரைவரிடம் வாங்கினேன். அந்தத் தோட்டத்து ட்ரிப்பும், வழக்கமாக அதில் வரும் பெண்களும் வண்டியோடு சேர்ந்தே எனக்கு வந்தார்கள்.

வாங்கிய கையோடு இரண்டு காரியம் செய்தேன். அந்த மனிதர் காலமெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருந்தார். அதை இறக்கிவிட்டு ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் ஊற்றினேன். எங்கள் தெருவில் ஒரு வண்டியின் பேட்டரியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்ததால் பானெட்டுக்கு ஒரு பூட்டும் போட்டேன். பொறுப்பான ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் நினைப்பு உண்டு.

கூலன்ட் குறைய ஆரம்பித்தது. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு சொம்பு அளவுக்கு இறங்கியிருக்கும். ஊற்றுவேன். மறுநாளும் அதே கதை. ஒருநாள் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், வண்டி கொதித்து நின்றது. பெண்கள் பின்னால் வந்த ஜீப்புகளில் தொற்றிக்கொண்டு, வேலை தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்து சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. "இன்னொருக்கா இப்பிடி நின்னுச்சுன்னா வேற ஜீப்பு பாத்துக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. அந்த ட்ரிப் போனால் எனக்கு வேறு ட்ரிப் கிடையாது.

போடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரேடியேட்டர் வாயில் பம்ப்பை மாட்டிக் காற்றடித்துவிட்டு இருவரும் அதன் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுகல் இருந்தால் முள் இறங்கும்; இறங்கவில்லை. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தான். வாட்டர் பம்ப்பின் அடியில் விரலை விட்டுப் பார்த்தான். ரேடியேட்டரின் அடியில், தண்ணீர் இறக்குவதற்கு ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. பழைய டிரைவர் அதை முன் பம்பருக்குக் கீழே கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டிவைத்திருந்தார். அதுவும் சொட்டவில்லை. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் அட்டை மொறமொறப்பாக இருந்தது.

"அப்ப உள்ளுக்குள்ளதான்ண்ணே குடிக்குது. எஞ்சின் ஹெட்டத் தொறக்கணும்" என்றான்.

எஞ்சின் ஆயிலைத் தொட்டுப் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காப்பி மாதிரி இருக்கும். கறுப்பாகத்தான் இருந்தது. உள்ளே தண்ணீர் எரிந்தால் புகை வெள்ளையாக வருமாம்; மேலே போனால் அப்படி வருகிறதா என்று கேட்டான். காலை நேரத்தில் போடிமெட்டில் எந்த வண்டிக்குத்தான் வெள்ளைப் புகை வராது? மனுஷன் வாயிலிருந்தே வருகிறது. ஹெட்டைத் திறந்தால் வண்டி நாள் கணக்கில் கிடக்கும். அதற்குள் தோட்டத்து வாசலில் வேறு ஜீப் நிற்கும். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக மலை ஏறி இறங்கினேன். துளி குறையவில்லை. சொன்னதும் மெக்கானிக்குக் குஷி. "லோடு இல்லைல்ல. லோடு ஏத்துனாத்தான் வெடிப்பு வாயத் தொறக்கும்" என்றான். அடுத்த லீவு நாளில் ஆட்களின் எடைக்கு உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, வழக்கமாக நிற்கும் டீக்கடை வரை முக்கி முக்கி ஓட்டினேன். அங்கே நிறுத்தி டீயும் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை திறந்து பார்த்தால் விளிம்பு வரை அப்படியே இருந்தது. மூட்டை ஏற்றினால் குறையவில்லை, ஆள் ஏற்றினால் குறைகிறது. மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

போடிமெட்டு மேட்டில் ஏறியதும் ஜீப்புகள் எல்லாம் டீக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்கும். எஞ்சினும் ஆறும், நாங்களும் டீ குடிப்போம். டிரைவர்கள் உள்ளே போய் அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுவோம். பெண்கள் வண்டிப் பக்கமே நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்றைக்குக் கடைக்குப் பால் வந்து சேரவில்லை. பாலில்லாத கட்டஞ்சாயா வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று வெளியே வந்தேன். மூடுபனியில் என் ஜீப்பின் முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிட்டே போனால், பம்பருக்குக் கீழே ஒருத்தி குத்தவைத்துக் குழாயைத் திறந்து பிளாஸ்டிக் வாளியில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. இன்னொருத்தி அதில் குளிர்ந்த தண்ணீர் விட்டு விளாவினாள். எல்லோரிலும் மூத்த அக்கா இரண்டு கையையும் வாளிக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்க எப்போதும் நேரம் எடுத்துக்கொள்பவர் என்ற அளவில்தான் அவரை எனக்குத் தெரியும்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரக் கேட்டுக் குழாயத் தொறந்தீங்க?" என்று கத்தினேன்.

ஒருத்தியும் பதறவில்லை. அந்த அக்காதான் கண்ணைத் திறந்தார். "யாரத் தம்பி கேக்கணும்? பழைய டிரைவர் அண்ணன் அவரே தொறந்து விடுவாரு. இந்தக் குளிர்ல வெரல் மடங்காது. மடங்காத வெரல வச்சுக்கிட்டு எங்கிட்டுக் காய் எடுக்க? எங்களுக்காகத்தான இந்தக் குழாயவே நீட்டி வச்சாரு. நீ டீக்கடைக்கு ஓடிருற. நாங்களே தொறந்துக்கிறோம்."

"அப்பிடியே எடுத்துக்கிட்டே இருந்தா வண்டி என்னத்துக்கு ஆகும்? அன்னைக்கு நின்னுச்சே, பாத்தீங்கள்ல?"

"எடுத்தத ரொப்பத்தான செஞ்சோம் அவரு இருக்கையில? டீயக் குடிச்சிட்டு வந்து, சூடு அடங்குனதும் மூடியத் தொறப்பாரு. ஆளுக்கொரு பாட்டில் ஊத்திருவோம். நீதான் பூட்டுப் போட்டு வச்சிருக்கியே. எங்கிட்டு ஊத்த?"

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொருத்தி பைக்குள்ளிருந்தும் ஒரு பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்த பாட்டில்கள்தான். குடிக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மெக்கானிக்கும் நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது, நானே வாங்கிப் போட்ட பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

கோபம் போன இடம் தெரியவில்லை. அடுத்து வாளிப் பக்கம் இருந்தவள் கேட்டதுதான் தூக்கிவாரிப் போட்டது. "இப்பப் பச்சையா வருதே, அது என்ன மருந்துண்ணே? கை வழவழன்னு இருக்கு. மொகங்கூடக் கழுவிக்கிறோம்."

அது விஷம், வாய்க்குள் போனால் ஆளையே கொன்றுவிடும் என்று சொன்னேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர்கள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். அந்த அக்கா மட்டும் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தபடி வண்டியில் ஏறினார். சாயங்காலம் எடை போடும் இடத்தில் அவருடைய காய் எல்லோரையும்விடக் குறைவாக இருந்தது. நாளைக்கும் இப்படி இருந்தால் அப்புறம் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் அவரிடம் சொன்னதை நானும் கேட்டேன். எனக்குச் சொன்ன அதே குரல்தான்.

அன்றே மெக்கானிக்கிடம் போய்க் கூலன்ட்டை இறக்கி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாதபடி திரும்பத் திரும்பக் கழுவிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். துருப்பிடிக்கும் என்றான். பிடிக்கட்டும் என்றேன். குழாயைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைத்துவிடலாமா என்று கேட்டான். அதைத் தொடாதே என்றேன். அப்படியானால் லீக் எங்கேதான் இருந்தது என்று கேட்டான். பானெட் பூட்டைக் கழற்றி அவன் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மேட்டில் நான் டீக்கடைக்குள் போகவில்லை. எஞ்சின் கொஞ்சம் ஆறியதும் பம்பருக்குக் கீழே குனிந்து குழாயைத் திறந்தேன். வாளி நிறைந்தது. யாரும் முன்னால் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, அந்தத் தண்ணீரை அள்ளி என் முகத்தைக் கழுவினேன்.

அந்த அக்கா முதல் ஆளாக வந்தார். வாளிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "சூடு சாஸ்தி. பச்சத்தண்ணி கொஞ்சம் ஊத்து" என்றார். என்னிடம் ஏது தண்ணீர்? அவர் தன் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.