‘ஹா’ எழுத்துப் பாட்டு

அத்திப்பட்டு ஸ்டேஷன் பெஞ்சை முந்தானையால் துடைக்கிறேன். உட்கார்ந்து முடிப்பதற்குள் மறுபடியும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிறது.

என் மகன் அந்தோணி கப்பலிலிருந்து கடலில் விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. அந்த ஜப்பான் கப்பலில் அவனோடு வேலை செய்த சேகர் இப்போது இங்கே லாரி ஓட்டுகிறான். அவனைப் பார்க்கத்தான் ராயபுரத்திலிருந்து வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கப்பலில் மைக் பிடித்துப் பாடுவார்களாம். ஜப்பான் பாட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஓர் எழுத்து. அந்தோணிக்கு ‘ஹா’. அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை வேறு யாரும் பாடக்கூடாது. சேகர் அதைப் பெஞ்சுச் சாம்பலில் விரலால் போட்டுக் காட்டுகிறான். சுவரில்லாத கூரை போல இரண்டே கோடு.

“அவன் பாடுனதுல ஒண்ணு பாடு நைனா.”

“வேணாம்மா. அவன் போனதும் பொஸ்தகத்துல அந்த எழுத்துப் பக்கத்த நூல் போட்டுத் தச்சிட்டோம். யாரும் பாடுறதில்ல.”

“அவனுக்குக் கல்லறகூட இல்லடா. பெத்தவ சொல்றேன், பாடு.”

கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான்.

“இன்னா அர்த்தம்?”

“எங்க யாருக்கும் தெரியாதும்மா. இந்த எடத்துல கொரல் எட்டாம இருமுவான். நாங்க சிரிப்போம்.”

மறுபடி தொடங்குகிறான். கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி வருகிறது. அவன் வாய் மட்டும் அசைகிறது. வண்டி போனபோது பாட்டும் முடிந்திருக்கிறது, பெஞ்சில் எழுத்தும் சாம்பலில் மறைந்திருக்கிறது.

ராயபுரம் வண்டி வந்து நிற்கிறது. நான் எழவில்லை. சாம்பலில் அந்த இரண்டு கோடுகளையும் நானே போடுகிறேன்.

“மொதல்லேர்ந்து பாடு.”