தென்னந்தோப்பில் ஒரு படகு இன்ஜின்

படகு வாங்க இராஜபாளையம் போகிறோம் என்று சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அங்க ஏதும்மா கடலு?" என்றார். "கடல் இல்ல, படகு மட்டும் இருக்காம்" என்றேன். அதற்குப் பிறகு கோவில்பட்டி வரை அவர் என்னோடு பேசவில்லை.

காலை ஐந்தரைக்குத் தூத்துக்குடியில் ஏறியிருந்தோம், நானும் என் வீட்டுக்காரர் சேவியரும். துறைமுகத்துக்கு பேண்டேஜ் துணி ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருவர்தான் தகவல் சொன்னவர். இராஜபாளையத்தில் துணிப் பட்டறை வைத்திருக்கும் வெங்கடேசன் என்பவர் தன் தோப்பில் ஒரு டீசல் படகை நிறுத்தி வைத்திருக்கிறாராம், இப்போது விற்கப் போகிறாராம். இன்ஜின் அதிகம் ஓடாதது என்றார். விற்கிற இன்ஜின் எதுவும் அதிகம் ஓடியதாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குச் சந்தேகம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் எங்கள் படகின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனது. அதையும் பழசாகத்தான் வாங்கியிருந்தோம். ஒரு ராத்திரி முழுக்க, மறுநாள் சாயங்காலம் வரைக்கும், சேவியர் தனியாக மிதந்தார். வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. அதுவரை நான் கரையில் நின்ற கதையை எழுத இன்னும் தெம்பு வரவில்லை. விற்றவன் ஆயில் ஒழுகலைப் புது பெயிண்ட்டால் மறைத்திருந்தான். நாங்கள் போவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கியும் வைத்திருந்தான். சூடாக இருந்தால் எந்த ஓட்டை இன்ஜினும் ஒரே தட்டில் கிளம்பும். ஆறிக் கிடக்கும்போதுதான் அதன் உண்மையான குணம் தெரியும்.

அன்றிலிருந்து ஒரே நிபந்தனை. இனி எந்த இன்ஜினையும் நானும் பார்ப்பேன், எனக்கு மனசு ஒப்பாவிட்டால் வாங்கக் கூடாது. மறுபேச்சில்லாமல் சரி என்றவர், இத்தனை நாளும் அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாக இராஜபாளையம் போய்ச் சேரும்போது பதினொரு மணி. எங்களூரில் எந்தத் தெருவில் நின்றாலும் கிழக்கே கடல் தட்டுப்படும். இங்கே எங்கே திரும்பினாலும் மேற்கே மலை. டீ குடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் அவருக்கு மட்டும் டிக்கெட். வன்னியம்பட்டிப் பக்கம் இறங்கியபோது வெங்கடேசன் மொபெட்டோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைக் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மொபெட்டை உருட்டிக்கொண்டே எங்களோடு தோப்புக்கு நடந்தார்.

தென்னைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை. அதற்குள் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது படகு. ஏணி வைத்து ஏறி இன்ஜின் பெட்டியைத் திறந்தோம். பளபளவென்று நீலப் பெயிண்ட், மேலே சந்தனமும் குங்குமமும். அது போதாதென்று குழாய் சேரும் இடம், மூடி, இணைப்பு என்று பார்த்த இடமெல்லாம் வெள்ளை பேண்டேஜ் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். இன்ஜின், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. பக்கவாட்டில் கை வைத்தேன். சுட்டது.

"ஏங்க, கிளம்புவோம்" என்றேன் மெதுவாக.

"செத்த நேரம் இரு ஏட்டி. கேட்டுருவோம்" என்றார் சேவியர்.

நானே கேட்டேன். "அண்ணாச்சி, இன்ஜின் சூடா இருக்கே?"

"ஆமா தாயி, பஸ்ஸுக்கு வாரதுக்கு முன்னாலதான் ஓட்டி வச்சேன். அம்புட்டு தூரத்துல இருந்து வாரீக. வந்தவுக முன்னால இது இருமிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல."

"பெயிண்ட் புதுசா இருக்கு."

"ஆயுத பூஜைக்கு அடிச்சது. வருஷா வருஷம் அடிப்போம். என்ன கலருன்னு எங்க வீட்ல சொல்லுவாக."

"இந்தக் கட்டெல்லாம்?"

"உள்ள தூசி போயிரக் கூடாதுன்னுதான். எங்ககிட்ட துணிக்கா பஞ்சம்?"

எல்லாவற்றுக்கும் கையோடு பதில் வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். ராத்திரி முழுக்க ஆறட்டும், காலையில் வந்து பார்க்கிறோம் என்று சொன்னேன். லாட்ஜில் தங்கிக்கொள்கிறோம் என்றதற்கு மட்டும் அவர் முகம் வாடியது. "வீடு இருக்கும்போது லாட்ஜா?" என்றவர் இராஜபாளையத்துக்கே கூட்டிப் போனார்.

அவர் மனைவி கோதை இலை போட்டுப் பரிமாறினார். புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். விலையைப் பற்றித்தான் ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கோதை என் பக்கம் திரும்பி, "குழம்புல காரம் கூடிருச்சோ, தங்கச்சி ரெண்டாவது தடவ கேக்கலியேன்னு இவுக வருத்தப்படுதாக" என்றார். நான் அவசரமாக இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

படுக்கப் போகுமுன் வெங்கடேசன் தோப்புச் சாவியையும் இன்ஜின் சாவியையும் என் கையில் கொடுத்தார். "காலையில நீங்க முன்னால போங்க. நாங்க பொறவு வாரோம். நான் அங்க நின்னா, திரும்பவும் சூடு காட்டிட்டேனோன்னு உங்களுக்குத் தோணும்." குரலில் வருத்தம் இல்லை, குத்தலும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

காலை ஆறரைக்குத் தோப்பில் இருந்தோம். மலை உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. இன்ஜின் மண்பானை மாதிரி குளிர்ந்து கிடந்தது. சேவியர் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து என்னிடம் தந்தார். வெளிப்பக்கம் பழுப்பேறிய தூசி. உள்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பொட்டு ஆயில் கசிந்திருந்தாலும் அந்தத் துணி காட்டிக்கொடுத்திருக்கும். மறைக்கச் சுற்றியது என்று எதை நினைத்தேனோ அதுவே சாட்சியாக மடியில் குவிந்தது. மனசு கேட்காமல், இன்ஜின் காலடியில் வீட்டுச் சாவியால் கொஞ்சம் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சந்தனம், அதற்கும் அடியில் ஒரு ரோஸ். ஒவ்வொரு வருஷத்து ஆயுத பூஜையும் அங்கே இருந்தது. கோதைக்கு ரோஸ் பிடித்த வருஷம் எது என்று கேட்க ஆசையாக இருந்தது.

சேவியர் ஆயில் குச்சியை உருவி, ஒரு சொட்டைத் துணியில் விட்டார். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாக, வழவழவென்று இருந்தது. குளிர்விக்கும் தண்ணீருக்காக ஒரு டிரம்மைக் கிணற்று மோட்டாரில் நிரப்பி, இன்ஜினின் உறிஞ்சு குழாயை அதில் போட்டார். சாவியைத் திருகினார். ஒரு முனகல், அவ்வளவுதான். இரண்டாம் தடவை கிளம்பியது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அது வரவில்லை. புகைக் குழாயில் தண்ணீர் நன்றாகக் கொட்டியது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து அதன் மேல் ஒரு துண்டுத் துணியைப் பிடித்தார். உள்ளே தேய்ந்த இன்ஜின் என்றால் குபுகுபுவென்று மூச்சு விட்டுத் துணியைத் தள்ளும். இது லேசாக அசைந்ததோடு சரி. தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறியில் மட்டும் வெடிப்பு இருந்தது, மாற்ற வேண்டும் என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தரையில இம்புட்டுதான் பாக்க முடியும். மிச்சம் தண்ணியில பாரம் இழுக்கும்போதுதான் தெரியும். நீ சொல்லு."

வெங்கடேசனும் கோதையும் அதற்குள் தூக்குவாளியில் காப்பியோடு வந்திருந்தார்கள். எனக்கு இன்ஜினைப் பற்றி இனி யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை. கோதையிடம் வேறொன்று கேட்டேன்.

"அக்கா, இதுல அண்ணாச்சிய நீங்க கடலுக்கு அனுப்புவீகளா?"

அவர் காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தார். "தனியா அனுப்ப மாட்டேன். நானும் ஏறிக்கிடுவேன். நின்னு போச்சுன்னா ரெண்டு பேருமா மிதப்போம்."

"இவளுக்காகத்தான் வாங்குனது" என்றார் வெங்கடேசன். "கண்மாயில ஓட்டலாம்னு இருந்தேன். அனுமதி கிடைக்கல. இன்னைக்கு வரை இவ இத தண்ணியில பாத்ததில்ல. இப்ப ஏணி ஏறவே ரெண்டு பேருக்கும் முழங்கால் விட மாட்டேங்குது."

சேவியர் மிதந்த அந்த ராத்திரியில் எனக்கு இருந்த ஒரே ஆசை, நானும் அந்தப் படகில் இருந்திருக்கலாம் என்பதுதான். அதை இதுவரை அவரிடம்கூட நான் சொன்னதில்லை. "வாங்கிருவோம்" என்றேன். விலை படிந்தது, யாருக்கும் மனக்குறை இல்லை. கிளம்பும்போது கோதை ஒரு கட்டு பேண்டேஜ் துணியை என் பையில் திணித்தார். நான் பதிலுக்கு ஒரு வாக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாக்குப்படி, லாரி படகைக் கொண்டுவந்து இறக்கிய மறுவாரம் இருவரும் எங்கள் கரைக்கு வந்தார்கள். எங்களூரில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் இல்லை. கரையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், பேசட்டும் என்று ஏறினேன். கோதையைக் கைத்தாங்கலாக ஏற்றி என் பக்கத்தில் உட்கார வைத்தோம். பாரம் இழுக்கும்போது புகையைக் கவனிப்பது என் வேலை, கறுப்பு வந்தால் உடனே தெளிய வேண்டும் என்று சேவியர் சொல்லியிருந்தார். வேகம் கூட்டியதும் குப்பென்று கொஞ்சம் கறுப்பு வந்தது, அதுவரை பார்த்தேன்.

பிறகு முதல் அலை படகைத் தூக்கியது. கோதை என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வெங்கடேசன் கடலைப் பார்க்கவில்லை, கோதையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். நான் நின்று காத்திருந்த கரை சின்னதாகிக்கொண்டே போனது. அதைக் கடலில் இருந்து நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"ஏட்டி, புகை என்ன கலர்ல வருது?" என்று சுக்கானைப் பிடித்தபடி சேவியர் கேட்டார்.

நான் பார்க்கவே மறந்துபோயிருந்தேன்.