குழந்தைசாமியின் காது

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டும் குழந்தைசாமிக்குக் கண் சுமார்தான். காது இருக்கிறதே, அது பொல்லாதது. உப்பங்கழித் தண்ணீரைப் பாத்திக்கு இறைக்கும் மோட்டார் எவ்வளவு தள்ளி ஓடினாலும், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து ஓடும்போதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் எனக்கு எரிச்சலாக வரும். நான் அங்கே உப்பு வாருகிறவள்.

அவர் மனைவி மலர்கொடியின் தங்கை விஜயலட்சுமி நார்வேயில் ஆராய்ச்சி செய்கிறாள். சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்துகள்கள் அந்த ஊர்க் காற்றில் மோதினால் வானமே பச்சையாக ஒளிருமாம். அந்தத் துகள்கள் கிளப்பும் அலைகளைக் கருவியில் பிடித்து, நம் காதுக்குக் கேட்கும்படி ஓசையாக்குவது அவள் வேலை. போன பங்குனியில், இதுவரை யாரும் கேட்காத அலை ஒன்று சிக்கிவிட்டதென்று துள்ளினாள். அடுத்த வாரம் பெரிய கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும். அவள் வேலை நீடிப்பதும் அதை நம்பித்தான்.

ஒரு மத்தியானம் கொட்டகையில் மலர்கொடியும் நாங்களும் சாப்பிடும்போது, அதைப் போனில் போட்டுக் காட்டினாள். முதலில் குருவிக் கூட்டம்போலக் கீச்சுக்கீச்சென்றது. பிறகு அவள் சொன்ன புது அலை, ஒரு முனகலாக ஏறி இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. நாங்கள் வாயைப் பிளந்தோம். குழந்தைசாமி தூக்குச்சட்டியை மூடினார்.

"விஜி, தப்பா நெனைக்காத. இது மோட்டாரும்மா. குழாய் அடியில இருக்கற ஃபுட்வால்வு ஒழுகி, தண்ணியோட காத்தையும் சேத்து இழுக்குது."

அவள் கோபத்தில் போனை வைத்துவிட்டாள். மலர்கொடி கணவரை வறுத்தெடுத்தாள். என் பங்குக்கு நானும் ஏசினேன். உப்பளத்தில் கிடக்கிற மனுஷனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை? பாவம், அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். ஆராய்ச்சி நிலையத்தின் நிலவறையில், பனி உருகித் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற ஒரு மோட்டார் இருந்ததாம். அதன் மின் அலையும் கருவியில் விழுந்திருக்கிறது; மோட்டாரை நிறுத்தியதும் முனகலும் நின்றுவிட்டதாம்.

"அத்தினி பேரு முன்னாடி மானம் போயிருக்கும் மாமா."

"அப்ப கூட்டத்துல என்னம்மா சொல்லுவ?"

"முனகல எடுத்ததும் கீச்சுச் சத்தம் சுத்தமா கேக்குது மாமா. அதுதான் நெஜ அலை. இவ்ளோ தெளிவா இதுவரைக்கும் எங்களுக்குக் கிடைச்சதே இல்ல."

அந்த ஓசையை மறுபடி மறுபடி போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே குழந்தைசாமி தூக்குச்சட்டியைக் காலி செய்தார். அன்றைக்கு எங்கள் மோட்டார் கால் மணி நேரம் காற்று இழுத்தது. அவர் காதில் விழவே இல்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு நான்தான் ஓடினேன்.