நாலாம் மாதத்துப் பால்

தம்பிக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தபோது அவனுக்கு நான்கு வயது, எனக்குப் பதினொன்று. ஓயாமல் தண்ணீர் கேட்டான், படுக்கையை நனைத்தான், இரண்டே வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது. ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அம்மா கட்டிலோரத்து நாற்காலியில் தூங்கினார். தூங்கினார் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பை ஆரஞ்சும் ஆளுக்கொரு காரணமும் கொண்டுவந்தார்கள். மிட்டாய் என்றார் பெரியம்மா. எங்கள் ஃபிளாட் சுவரில் ஊறிக் கிடக்கும் ஈரம் என்றார் மாமா. அம்மா எல்லோருக்கும் தலையாட்டினார், ஆரஞ்சுகளை உரித்து அவர்களுக்கே கொடுத்தார்.

வீடு திரும்பும் நாளில் ஒரு தமிழ்த் தாதி நான்கு பக்கக் கேள்விப் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். பிறந்தபோது என்ன எடை, என்னென்ன காய்ச்சல் வந்தது, தோலில் கரப்பான் உண்டா, இழுப்பு உண்டா, வீட்டில் பூனை உண்டா. காவல் நிலையத்தில் பேசுகிறவரைப் போல அம்மா ஒவ்வொன்றுக்கும் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

“பால் மாவு எப்ப ஆரம்பிச்சீங்க, அக்கா?”

“ஆறு மாசம் இருக்கும், மிஸி. அதுவரைக்கும் தாய்ப்பால்தான்.”

எனக்கு ஞாபகசக்தி அதிகம். பள்ளியில் அதற்காகப் பரிசு கூட வாங்கியிருந்தேன்.

“இல்லம்மா, நாலு மாசம். நீங்க பத்து காவான்ல இருக்குற கம்பெனிக்குத் திரும்ப வேலைக்குப் போனீங்கல்ல, அப்பதான். சித்தி சுடுதண்ணி ஊத்துவாங்க, நான் மாவு போட்டுக் கலக்குவேன். குடிச்ச ரெண்டாவது நாளே தம்பிக்கு மூஞ்செல்லாம் செவந்து தடிச்சுப் போச்சே, மறந்துட்டீங்களா?”

தாதியின் பேனா நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குத் தெரிந்திருக்கும்.

தாதி ஆறை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினார்.

“அக்கா, இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது லா. டாக்டருங்களே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதனாலதான் எல்லார்கிட்டயும் கேக்குறோம். உங்க தப்பு ஒண்ணும் இல்ல.”

“சரி, மிஸி,” என்ற அம்மா, தாதி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்பா காரை ஓட்டினார். பின்சீட்டில் தம்பி அம்மாவின் மடியில் தூங்கிவிட்டான். வெகுநேரம் கழித்து அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தச் செவப்பு எத்தனை நாளு இருந்துச்சு?”

“அஞ்சு நாள்,” என்றேன் உடனே. அதையும் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு.

அடுத்த வாரமே அம்மா சூப்பர்வைசருக்குப் போன் செய்து, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன் தம்பியின் விரலைக் குத்திப் பார்ப்பதும், ஊசி போடுவதும், சோற்றை அளந்து வைப்பதுமாக அம்மாவின் நாள்கள் போயின. அவன் குடித்த ஒவ்வொரு டம்ளரையும் அவன் முகத்தோடு சேர்த்துப் பார்த்தார்.

எனக்கோ கொண்டாட்டம். பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்க அம்மா இருந்தார். உங்கள் அம்மா ஏன் வேலையை விட்டார் என்று வகுப்பு டீச்சர் கேட்டபோது, அம்மா ரொம்பக் களைத்துவிட்டார், இனி வீட்டில் நன்றாக ஓய்வெடுக்கப் போகிறார் என்று பெருமையாகச் சொன்னேன்.