நான் ஏறாத முப்பத்தொரு படிகள்

போன வருடம் ஆவணி மாதம், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இது தொடங்கியது. நான் ஒரு பத்திரிகைக்கு மாவட்டச் செய்தியாளராக நீண்ட காலம் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு, வாவிப் பக்கம் பார்த்த இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுவருகிறோம். சமையல் மனைவியின் பொறுப்பு. வழி சொல்வது என் பொறுப்பு.

அந்த வாரம் தங்கியிருந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். கொழும்பில் ஒரு சிறிய வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டி வந்திருந்தார்கள். கோட்டை, வெளிச்சவீடு, பாசிக்குடா எல்லாம் முதல் இரண்டு நாட்களிலேயே முடிந்துவிட்டன. மூன்றாம் நாள் காலை அந்த அம்மா கேட்டார்: "எல்லாரும் போகிற இடங்களைப் பார்த்துவிட்டோம். மற்றவர்கள் போகாத இடம் ஏதாவது இருக்கிறதா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கரடியனாற்றுக்கு அப்பால், காட்டோரத்தில் ஒரு சிறு மலை இருக்கிறது, கல்லிலே வெட்டிய பழைய படிகள் உண்டு, உச்சியில் வற்றாத சுனை உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பல வருடங்களுக்கு முன் அதைப் பற்றிப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"எத்தனை படிகள்? எனக்கு முழங்கால் சரியில்லை."

"முப்பத்தொன்று" என்றேன்.

தாளெடுத்து வரைபடமும் போட்டுக் கொடுத்தேன். செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதி, கரடியனாறு, அதற்கு அப்பால் சந்தியில் ஒரு தேநீர்க்கடை, கடைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாக மண்பாதை, குழை தொங்கும் மரம், அதில் வலப்பக்கம். எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் நுழையுமிடத்தில் இலையோடு ஒரு பச்சைக் குழையை முறித்து மரத்தில் தொங்கவிட்டு, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு போவார்கள். அதையும் விளக்கினேன். அந்த அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

மனைவி வேலிச் செம்பருத்தியிலிருந்து சிவந்த ஓர் அடுக்குச் செவ்வரத்தம்பூவைப் பறித்து அவரிடம் கொடுத்தார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் மனைவி கேட்டார். "நீங்க அந்த மலைக்குப் போனதா?"

"போகாம எழுதுவனா?"

"அண்டைக்கு மழையெண்டு திரும்பி வந்தீங்களே. நனைஞ்ச சப்பாத்த நான்தானே அடுப்படியில காய வெச்சன்."

"அது வேற நாள்" என்றேன். அதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. அந்தச் சுனை எனக்குக் கண்முன் தெரிந்தது. பச்சை படிந்த ஓரம், தண்ணீருக்கு மேல் ஒரு சிவப்புத் தும்பி. அவ்வளவு தெளிவாகத் தெரிந்த இடத்துக்குப் போயிருக்கவில்லை என்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு மணி ஆனது. இறால் கறியை மனைவி மூடி வைத்தார். இரண்டு மணிக்கும் கார் வரவில்லை. தொலைபேசியில் தொடர்பு இல்லை. அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்காது, அதனால் அதைக் கவலைப்பட ஒரு காரணமாக எடுக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அங்கால ஆனை வாறல்லயா?" என்றார் மனைவி.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

சந்தியிலிருந்த தேநீர்க்கடை நான் முன்பு பார்த்த மாதிரியே இருந்தது. கடைக்காரப் பெண் மட்டும் இப்போது கண்ணாடி போட்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"வெள்ளைக் கார் ஒண்டு வந்ததா?"

"வந்தது. காலத்தால ஒம்பது மணிபோல. தயிர் திண்டாங்க. மலைக்கு வழி கேட்டாங்க, காட்டினன்."

"திரும்பி வந்ததைக் கண்டீங்களா?"

"இல்ல. நான் கடையை விட்டு அசையல்ல."

"வழி சரியாத்தான் காட்டினீங்களா?"

அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சுவரைக் காட்டினார். அங்கே, பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சளித்துப்போன பத்திரிகைத் துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. "இதுல கிடக்கிறபடிதான் வாறவங்களுக்கெல்லாம் சொல்றன். பேப்பரில வந்தது பிழைக்குமா?"

அது நான் எழுதிய அரைப் பக்கம். என் பெயர் போடாமல், 'நமது செய்தியாளர்' என்று வந்தது. அதையே நான் வரைபடமாக்கி அந்தத் தம்பதியிடம் கொடுத்திருந்தேன். இங்கே இவர் அதையே பார்த்து வழி சொல்லியிருந்தார். இருவரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டோம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

வாய்க்கால் ஓரமாகப் போனேன். குழை தொங்கும் மரம் வந்தது. வலப்பக்கம் ஒரு பாதை பிரிந்தது. இதுதான் என்று நினைக்கும்போதே சற்றுத் தூரத்தில் இன்னொரு மரமும் குழைகளோடு தெரிந்தது. அதைத் தாண்டி மூன்றாவது. மூன்றுக்கும் வலப்பக்கம் பாதை இருந்தது. முதல் மரத்தில் இருந்தவை காய்ந்து சருகாகியிருந்தன. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் பச்சைக் குழையும், அதன் நடுவே சுருண்டுபோன சிவப்புத் துணி போல ஏதோ ஒன்றும் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வரைபடத்தின்படி முதலில் வருவதுதான் சரியென்று முதல் மரத்துக்கே திரும்பினேன்.

அந்தப் பாதை, காடு வெட்டிச் செய்த ஒரு சேனைப்பயிர் வேலியில் முடிந்தது. இரண்டாவது மரத்துப் பாதை அறுவடை முடிந்த ஒரு வட்டையில், வயல்வெளியின் நடுவே, ஒன்றுமில்லாமல் முடிந்தது. எங்கும் மலை தெரியவில்லை. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். நான் இங்கே முன்பு வந்திருந்தால் ஏதாவது ஒன்று, ஒரு கல், ஒரு வளைவு, எனக்குப் பழக்கமாகத் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தத் தும்பி மட்டும் அப்படியே பறந்தது. எதைக் கொண்டு எதைச் சரிபார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

அப்போதுதான் ஒரு மாட்டுப்பட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் பால் கான்களோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். என் நிலையைக் கேட்டதும் சிரித்தார்.

"குழை தொங்கிற மரத்தில திரும்பச் சொன்னதா? ஐயா, இந்தக் காட்டுக்குப் போற வாசல் எல்லாத்திலயும் குழை தொங்கும். தொங்காத வாசல் ஒண்டக் காட்டுங்க, என்ட பட்டியில ஒரு கண்டு தாறன்."

"மலையில படி இருக்கு, சுனை இருக்கு எண்டு..."

"படி ஒரு மலையில. சுனை வேற மலையில. ரெண்டுக்கும் நடுவுல அரை நாள் நடை. ஆரோ ஒரு விசரன் ரெண்டையும் ஒண்டாக்கிப் பேப்பரில எழுதிப்போட்டான். அதுக்குப் பிறகு வாறவனெல்லாம் எங்களிட்டத்தான் வந்து நிக்கிறான்."

 மழை பெய்த அந்த நாள் மெல்ல நினைவுக்கு வந்தது. தேநீர்க்கடை வாங்குப் பலகையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் படிகளைச் சொன்னார், எண்ணிக்கையோடு. மற்றவர் சுனையைச் சொன்னார். இருவரும் ஒரே மலையைப் பேசுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பாதை சேறாகிவிட்டது, கட்டுரை மறுநாள் போக வேண்டும். தயிர் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

"அவங்க எந்தப் பாதையால போனாங்க எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்துவந்தார். மூன்றாவது மரத்தில் நின்றார். "இந்தப் பச்சைக் குழை நான் காலத்தால வெச்சது. இதென்ன, செவ்வரத்தம்பூ? காட்டுக்கு ஆரும் வீட்டுப்பூக் கொண்டு வாறல்லயே."

நான் துணி என்று நினைத்தது எங்கள் வேலிப் பூ. காலையில் என் கண்முன் பறிக்கப்பட்டது.

பட்டிக்காரர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "இந்தப் பாதை குளத்துக்கு இறங்குது. அஞ்சு மணிக்குப் பிறகு ஆனை தண்ணிக்கு வாற இடம். நாங்களே அந்த நேரம் போறல்ல. வாங்க."

நாலரை ஆகியிருந்தது.

குளம் பாதிக்குமேல் வற்றியிருந்தது. கரையோரம் காய்ந்தது போலத் தெரியும் சேறு. அதற்குள் கார் முன்சக்கரம் இரண்டும் மூழ்க நின்றது. கணவனும் மனைவியும் ஒரு மருத மரத்தின் கீழ் இருந்தார்கள். கணவரின் சட்டை முழுவதும் சேறு. மதியத்திலிருந்து தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். குடிதண்ணீர் முடிந்திருந்தது.

பட்டிக்காரர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "கையால ஏலாது. வட்டையில உழவு லாண்ட்மாஸ்டர் ஒண்டு நிக்கிது, கயிறும் ஆளும் கொண்டு வாறன். கார் வராட்டியும் பறவாயில்ல, ஆனை வந்தா இவங்கள ஏத்திக்கொண்டு போயிடுங்க. மூண்டு பேர் ஒரு சைக்கிளில ஏறலாம்தானே?" சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் திரும்பும்வரை நாங்கள் மூவரும் அங்கே நின்றோம். அக்கரைக் காட்டுக்குள் எங்கோ கொப்பு முறியும் சத்தம் கேட்டது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், இன்னும் கிட்டே.

"இதுதான் சுனையா?" என்று அந்த அம்மா கேட்டார். "படிகளை எல்லாப் பக்கமும் தேடினோம்."

இது அந்த இடமில்லை, நான் எழுதிய இடம் எங்குமே இல்லை, இதற்கு முன் நான் அந்தத் தேநீர்க்கடைக்கு அப்பால் வந்ததே இல்லை என்று சொன்னேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது தமிழில் சொல்வதைவிட எனக்கு இலகுவாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. ஏதோ கணக்கு விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். "ஆனால் முப்பத்தொன்று என்று சொன்னீர்களே. அந்த எண்ணைக் கேட்டுத்தான் நான் நம்பினேன்."

அவருடைய கணவர் அக்கரையைப் பார்த்தபடி, "இதைப் பிறகு பேசலாம்" என்றார்.

லாண்ட்மாஸ்டர் சத்தத்தோடு வந்து சேர்ந்தது. நாலு பேர் இறங்கினார்கள். சக்கரத்துக்குக் கீழே கிளைகளைப் போட்டு, கயிறு கட்டி இழுத்தார்கள். முதல் தடவை கயிறு அறுந்தது. இரண்டாம் தடவை கார் பின்பக்கமாக அசைந்து வந்தது. பாதை ஏறித் திரும்பிப் பார்த்தபோது அக்கரையில் ஒரு யானை வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. எங்களை அவை பொருட்படுத்தவில்லை. கார் நின்ற பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓரமாக நடந்து வந்தன.

கடையில் எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னேன். பட்டிக்காரர் சுவரிலிருந்த பத்திரிகைத் துண்டைக் காட்டி, "பாருங்க ஐயா, அந்த விசரன்ட வேலை" என்றார்.

"அது நான்தான்" என்றேன்.

அவர் தன் தேத்தண்ணிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

கடைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்களா? மழைக்கு நனைஞ்சு வந்து ரெண்டு சட்டி தயிர் திண்டவர்?"

"அதைக் கழற்றிடுங்க. எல்லாம் பிழை."

"தயிரப் பத்தி எழுதினதுமா?"

"அது சரி."

"அப்ப ஏன் கழட்ட?"

மறுநாள் காலை அந்தத் தம்பதி புறப்பட்டார்கள். என் வரைபடத்தைத் திருப்பிக் கேட்டேன், எரித்துவிட நினைத்து. அந்த அம்மா தரவில்லை. அதன் ஓரத்தில் தன் மொழியில் ஏதோ எழுதியிருந்தார். என்னவென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பட்டிக்காரரோடு இரண்டு மலைகளுக்கும் போனேன். படிகளை எண்ணினேன். ஏறும்போது இருபத்தெட்டு, இறங்கும்போது இருபத்தொன்பது. கீழே புதைந்த கல்லைப் படியாகக் கொள்வதா என்று இன்னும் தெரியவில்லை. மற்ற மலையில் சுனை இருந்தது. அதன் மேல் தும்பி எதுவும் பறக்கவில்லை. அது எங்கிருந்து எனக்குள் வந்தது என்பதும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் கடைக்குப் போனேன். பத்திரிகைத் துண்டு அதே ஆணியில் தொங்கியது. ஆனால் கடைக்காரப் பெண் அதை உறைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார். மலையும் படியும் சுனையும் பின்பக்கம் போய்விட்டன. தயிரைப் பற்றிய நாலு வரி மட்டும் வெளியே தெரிந்தது. இப்போது யாராவது என்னிடம் வழி கேட்டால், வாய் திறக்குமுன் அந்த மடிப்பு நினைவுக்கு வருகிறது, எனக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.