கழற்றி வைத்த கண்ணாடி

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்கள் டிவி தொடரில் வேலை பார்த்த எல்லோருக்கும் அவர் முடிச்சு. மர்மத் தொடருக்குக் கதை எழுதுகிறவர் என்பதால் யாரோ வேடிக்கையாக வைத்த பெயர். கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். ஐந்தாவது சீசனில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

நான் அங்கே கன்டினியூட்டி பார்த்தவள். ஒரு காட்சியில் இடது கையில் இருந்த கடிகாரம் அடுத்த காட்சியில் வலது கைக்குப் போய்விடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் என் வேலை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பேன். முதல் சீசனில் அந்த நோட்டை ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மூன்றாவதில் அதன் மேல் டீ டம்ளரை வைத்தார்கள்.

முடிச்சை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. தையற்காரி. கல்யாணம், காட்சி எதுவும் இல்லை, தம்பிதான் எல்லாம். இருவருக்கும் ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், எதிர்ச்சுவரோரம் இவருடைய மேஜை. முதல் சீசனை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்.

கதை இதுதான். ஒரு டாக்டர் தன் வீட்டுப் படிப்பறையில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். அவருடைய மூக்குக்கண்ணாடி மடித்தபடி அலமாரி மேல் இருக்கிறது. அவருடைய பாசக்காரத் தம்பி மூன்றாம் வாரம் அழுதுகொண்டே சொல்வான்: "கண்ணாடி கூடப் போடலையே, வந்தது யாருன்னே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காதே!" கொலை நடந்தபிறகு அவனை அந்த அறைக்குள் போலீஸ் விடவே இல்லை. கண்ணாடி விஷயத்தை யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை. அவ்வளவுதான் துப்பு.

கடைசிக் காட்சியைத்தான் முடிச்சு முதலில் எழுதினார். அதைக் கவரில் போட்டு அக்காவிடம் கொடுத்து, தொடர் முடிகிற வரைக்கும் பிரிக்கக் கூடாது என்றார். அக்காவுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. கவரைத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் மெஷினில் தையல் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டார்.

மூன்றாம் வாரம் அந்த வசனம் வந்ததும் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "டேய், அவன் கண்ணாடி போடலன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

முடிச்சு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "ஒருத்தராவது கவனிச்சாங்களேம்மா," என்றார்.

பிடித்தது சனி. தொடர் ஓடு ஓடென்று ஓடியது. தம்பியாக நடித்தவனுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. தயாரிப்பாளர் முடிச்சைக் கூப்பிட்டு, "இவனக் கொலைகாரன்னு சொன்னா நம்மள வாசல்ல வந்து அடிப்பாங்க. வேற யாரையாவது பாருங்க. இல்ல, இப்போதைக்கு யாருமே வேணாம்," என்றார். விடையைச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று பயந்து இன்னொரு கேள்வியைப் போட்டோம். அதற்குப் பதில் கேட்டபோது மூன்றாவதைப் போட்டோம். பார்க்கிறவர்களின் காதில் இப்படி முழம் முழமாகப் பூச் சுற்றினோம். நானும்தான் சுற்றினேன்.

முடிச்சு வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கையெழுத்துப் போட்ட அன்றே கதை அவருடையதாக இல்லாமல் போய்விட்டது. அவர் போனால் அந்த முடிவும் போய்விடும். அடுத்த சீசனில் முடித்துவிடலாம் என்று வருஷா வருஷம் சொன்னார்கள். வருஷா வருஷம் நம்பினார், பாவி மனுஷன்.

நாலாவது சீசனின்போது அக்காவின் கண்ணில் சர்க்கரை நோய் இறங்கிவிட்டது. மிஞ்சினால் ஒரு வருஷம்தான் பார்வை இருக்கும் என்றார் கண் டாக்டர். அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "என் கண்ணு போறதுக்குள்ள அவன் மாட்டுறதப் பாத்துடணும்டா. மாட்டும்போது அவன் மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்கணும்."

அன்றிலிருந்து முடிச்சு தயாரிப்பாளர் அறை வாசலே கதி என்று கிடந்தார்.

"சார், அந்தக் கண்ணாடி விஷயம் மட்டும் முடிச்சிடலாம் சார்."

"எந்தக் கண்ணாடி?"

"மூணாவது வாரம்…"

"அட போங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி போட்டது யாருக்கு ஞாபகம் இருக்கு?"

ஐந்தாவது சீசனில் செத்துப்போன டாக்டரே உயிரோடு திரும்பி வந்தார். சுட்டது அவருடைய இரட்டைச் சகோதரனையாம். இரட்டைச் சகோதரன் இருந்ததாக என் நோட்டில் ஒரு வரி கூட இல்லை. இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். "நீ சட்டை பொத்தானப் பாரும்மா," என்றார். கடிதங்கள் குறைந்தன, பிறகு திட்டிக்கூட யாரும் எழுதவில்லை. அக்கா மட்டும் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை இயக்குநர் வரவில்லை. முடிச்சு பழைய காட்சியை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்து உதவி இயக்குநரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். எடுத்தோம். விசாரணை அதிகாரி மேஜையில் கண்ணாடியை வைப்பார். தம்பி அதைப் பார்ப்பான். அவ்வளவுதான். யாராவது வந்துவிடுவார்களோ என்று முடிச்சு வெளியே கதவைக் காத்துக்கொண்டு நின்றார். தான் எழுதிய காட்சியை அவரே பார்க்கவில்லை.

மதியத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. தயாரிப்பாளர் எடிட்டிங் அறைக்கே வந்து அதை அழிக்கச் சொன்னார்.

"போட வேணாம் சார். ஒரே ஒரு காப்பி குடுங்க. எங்க அக்காவுக்குக் காட்டிட்டு நானே கொண்டு வந்து குடுத்துடறேன்," என்று முடிச்சு கை கூப்பினார்.

"வெளிய போச்சுன்னா யார் பொறுப்பு?"

அழித்துவிட்டார்கள். நான் கதவருகே நின்றிருந்தேன். எனக்கும் வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

ஆறாவது சீசனைப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசி வாரத்தை முடிச்சிடம் கொடுக்காமல் வேறு இருவரை வைத்து எழுதினார்கள். கொலைகாரி ஒரு நர்ஸ். கதைக்குள் வந்தே இரண்டு மாதம்தான். அது ஒளிபரப்பான அன்றைக்கு அக்கா வீட்டில் நானும் இருந்தேன். அக்காவுக்கு அப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. வசனங்களைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இசை நின்றதும், "முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சுக்கா."

"கண்ணாடி?"

முடிச்சு போய் டிவியை அணைத்தார். அக்கா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய்ப் பெட்டியிலிருந்து அந்தத் துணிப்பொட்டலத்தை எடுத்து வந்தார். முடிச்சு கத்தரிக்கோலைத் தேடுவதற்குள், விரலால் தையலைத் தேடிப் பிடித்து, ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகப் பிரித்துவிட்டார். கவரின் ஒட்டு ஆறு வருஷமாகப் பிரியாமல் அப்படியே இருந்தது.

முடிச்சு படித்தார். பாதியிலேயே தாளை என் பக்கம் நீட்டினார். மிச்சத்தை நான் வாங்கிப் படித்தேன். கண்ணாடியை மேஜையில் வைக்கும் இடம் வந்ததும் அக்கா தொடையில் தட்டினார். "சொன்னேன்ல!"

பிறகு என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். "இத ஒருநாள் எடுத்தீங்கன்னு சொன்னானே. நீ பக்கத்துல இருந்தியாமே. அவன் மூஞ்சி எப்படிப் போச்சும்மா?"

முடிச்சும் என்னைத்தான் பார்த்தார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்த நாளின் பக்கம் இருந்தது. நீலச் சட்டை, இரண்டாவது பொத்தான் திறந்தபடி. கடிகாரம் இடது கையில். டம்ளரில் தண்ணீர் பாதி. கண்ணாடி, கம்பிகள் மடித்தபடி, மேஜையின் வலது ஓரத்தில்.

முகம் இல்லை. அந்த நேரத்தில் நான் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலக்கா," என்றேன்.