மாடியில் முடிவான சாக்கடை

இளம்பிள்ளை வாதத்தால் எனக்கு இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடை. சிம்மக்கல்லில் எங்கள் தெருவில் சாக்கடை கட்டுவது பற்றிப் பேச ஒரு மாடியில் கூட்டம் போட்டார்கள். "நீ எதுக்குத் தங்கச்சி படியேறணும்? நாங்க பேசிட்டு வாரோம்" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

மறுவாரமே என் வாசலை ஒட்டிப் பள்ளம் வெட்டினார்கள். எல்லோரும் தாண்டிப் போனார்கள். பலகை கேட்டேன். "நாளைக்குப் போட்டுருவோம்மா" என்றார் மேஸ்திரி.

அன்று மாலை வீட்டில் தனியாக இருந்தேன். மண்ணெண்ணெய் ஸ்டவ் குப்பென்று பிடித்துக் கொடித்துணியில் தீ ஏறியது. எப்படியோ வாசலுக்கு வந்துவிட்டேன். முன்னால் பள்ளம், பின்னால் புகை. கட்டையை எங்கே ஊன்றுவது? கத்தினேன், கத்தினேன். அந்த அண்ணன் தன் வீட்டு பெஞ்சைத் தூக்கிவந்து பள்ளத்தின் குறுக்கே போட்டார். அதன்மேல் உட்கார்ந்தே நகர்ந்து தெருவுக்கு வந்தேன். பிறகு மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தார்கள்.

"அம்புட்டுப் பேரு பேசுனோம், ஒருத்தருக்கும் உன் ஞாபகம் வரல" என்றார் அண்ணன்.

இப்போதெல்லாம் கூட்டம் என்று காதில் விழுந்தாலே அந்த பெஞ்சை என் வாசலில் போடச் சொல்லிவிடுகிறேன். மாடியில்தான் பேசுவோம் என்பவர்கள், கீழே வந்து என்னிடம் முதலிலிருந்து பேச வேண்டும்.